அடிமை ஓலை எழுதித் தன்னைக் கொடுத்தவர்: யோசப் வாஸ் அடிகளாரின் வாழ்வு

மனிதன் தன் பகைவர்களை எண்ணும்போது தன்னை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் உலகின் பெருஞ்சமயங்கள் யாவும் மனிதனின் முதற் பகையை அவனுக்குள்ளேயே கண்டன. சைவ சித்தாந்தம் ஆணவத்தை உயிரோடு ஒட்டிப் பிறந்த மூலமலம் என்கிறது. இஸ்லாம் நப்ஸ் என்னும் தன்னிச்சையோடு நடத்தும் போராட்டத்தை வாழ்நாள் கடமையாக்குகிறது. நான் என்ற பற்றே துன்பத்தின் வேர் என்பது பௌத்தத்தின் அடிப்படைப் போதனை. கிறிஸ்தவமோ தன்னை மறுத்துச் சிலுவையைச் சுமந்து வருமாறு தன் சீடரை அழைக்கின்றது. இறைமகனே தன்னை வெறுமையாக்கி அடிமையின் நிலையை ஏற்றார் என்பது அச்சமயத்தின் மைய நம்பிக்கை. ஆகவே தன்னலத்தை வெல்லாத கிறிஸ்தவ வாழ்வு பெயரளவிலான வாழ்வாகவே கருதப்படுகிறது.

போதனை எளிது. அதை வாழ்ந்து காட்டியவர்கள் மிகச் சிலரே. அந்தச் சிலருள் ஒருவர் நமது தீவில், நமது மலைநாட்டில் வாழ்ந்து மறைந்தார் என்பதைக் கத்தோலிக்கர் அல்லாத வாசகர்களில் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். அவரே கோவாவில் பிறந்து, கண்டியில் உயிர் நீத்த யோசப் வாஸ் அடிகளார். அவர் மறைந்து 300 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. எனினும், நோயும் அச்சமும் இனப்பகையும் மக்களைப் பிரிக்கின்ற போதெல்லாம் அவருடைய வாழ்வு நம்மிடம் ஒரு கேள்வியை எழுப்பிக்கொண்டே இருக்கின்றது.

மாத்தளை மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், நக்கிள்ஸ் மலைத்தொடரின் மறுபுறத்தில் அமைந்துள்ளது பல்லேகம. அங்கிருந்து தென்மேற்கே அந்த மலைகளைக் கடந்தால் கண்டி. அன்றைய கண்டி இராச்சியத்திற்கு இம்மலைகளும் அடர்காடுகளும் மதில்களாக இருந்தன. கரையோரத்தைப் போர்த்துக்கேயரும் பின்னர் ஒல்லாந்தரும் ஆண்டபோது, அவர்களால் துரத்தப்பட்டவர்களுக்கு அந்த மதில்களின் உட்புறமே புகலிடமானது. 1626இல் போர்த்துக்கேயர் தமது ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களை வரவேற்று, அவர்களில் சுமார் 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்பது வரலாறு. முஸ்லிம்களை விரட்டிய போர்த்துக்கேயரின் சமயத்தைச் சேர்ந்த கத்தோலிக்கருக்கே சில பத்தாண்டுகளின் பின்னர் அதே இராச்சியத்தில் புகலிடம் தேட வேண்டிய நிலை ஏற்பட்டது. வரலாற்றின் சக்கரம் எவருக்காகவும் ஓரிடத்தில் நிற்பதில்லை.

1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியதோடு இலங்கையின் கரையோரத்தில் போர்த்துக்கேயரின் ஆட்சி முடிவுக்கு வந்தது. புதிய ஆட்சியாளர் கல்வினிய சமயத்தைச் சேர்ந்த புரட்டஸ்தாந்தர். அவர்கள் கத்தோலிக்கக் குருக்களை நாட்டிலிருந்து வெளியேற்றினர். குருக்களுக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரண தண்டனை என்று கட்டளை பிறப்பித்தனர். ஆலயங்கள் கைமாறின. ஏறத்தாழ 30 ஆண்டுகள் இலங்கைக் கத்தோலிக்கர் ஒரு குருவானவரையும் காணாமல், இரகசியமாகத் தமது நம்பிக்கையைப் பேணி வந்தனர். அதிகாரத்தின் நிழலில் வளர்ந்த ஒரு சமயம், அதிகாரம் அகன்ற பின்னர் எஞ்சி நிற்குமா என்ற சோதனைக் காலம் அது.

இந்நிலையைக் கோவாவில் இருந்த ஓர் இளங்குரு கேள்வியுற்றார். 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி, தெற்குக் கோவாவின் பெனாலிம் என்ற ஊரில் பிறந்தவர் யோசப் வாஸ். தந்தை கிறிஸ்தோவாவோ வாஸ், தாய் மரியா டி மிராண்டா. கத்தோலிக்கத்தைத் தழுவிய கொங்கணிப் பிராமணக் குடும்பம் அது. வசதியும் சமூக மதிப்பும் குறைவின்றி இருந்தன. கோவா நகரில் உயர்கல்வி கற்று, 1676இல் அவர் குருவானார். நல்ல போதகர் என்ற பெயரும் விரைவில் கிட்டியது. பாராட்டும் பதவியும் தாமாகவே தேடி வந்திருக்கக்கூடிய வாழ்க்கை அது.

ஆனால் குருவாகி ஓராண்டு கடந்த நிலையில் அவர் செய்த செயல் விந்தையானது. 1677 ஆகஸ்ட் 5ஆம் திகதி, சங்குவாளே என்ற தமது ஊரின் தேவாலயத்தில் அவர் ஓர் அடிமைச் சாசனம் எழுதினார். தன்னை அன்னை மரியாளின் நிரந்தர அடிமையாக ஒப்புக்கொடுத்துக் கையெழுத்திட்ட சாசனம் அது. அன்றைய கோவாவில் மனிதரை விற்று வாங்கும் அடிமை முறை நடைமுறையில் இருந்தது. அடிமை என்ற சொல் அங்கே கவிதைக்கான உவமை அன்று. தன் நேரமும் உழைப்பும் உடலும் பிறருக்குரியவை என்ற கொடிய நிலையைக் குறித்த சொல். உயர்குடியில் பிறந்த ஒருவர் தாமாக விரும்பி அந்தச் சொல்லைத் தமக்குச் சூட்டிக்கொண்டார்.

தமிழ் வாசகருக்கு இச்செய்தி முற்றிலும் அந்நியமாகத் தோன்றாது. சுந்தரரின் மணப்பந்தலில் முதியவர் வடிவில் வந்த இறைவன் அடிமை ஓலையைக் காட்டி அவரைத் தடுத்தாட்கொண்ட கதையை நாம் அறிவோம். இறைவனின் அடியான் என்று பொருள்படும் அப்துல்லாஹ் என்ற பெயரைத் தம் பிள்ளைகளுக்குச் சூட்டுவதை முஸ்லிம்கள் பெரும் பேறாகக் கருதுகின்றனர். இறைவனுக்கு அடிமையாகின்றவன் தனக்கு அடிமையாக இருப்பதிலிருந்து விடுதலை பெறுகிறான் என்ற உண்மையை இம்மூன்று மரபுகளும் தத்தம் வழியில் கண்டுள்ளன. எனினும் ஓலை எழுதுவது ஒரு நாளில் முடிந்துவிடும். எழுதியபடி நடப்பதற்கு ஓர் ஆயுட்காலம் தேவைப்படுகிறது. யோசப் வாஸ் அடிகளாரின் எஞ்சிய 33 ஆண்டுகளும் அந்த ஓலைக்கு அவர் எழுதிய விளக்கவுரை எனலாம்.

முதற் சோதனை அவருடைய விருப்பத்தின் மேலேயே விழுந்தது. இலங்கைக்குச் செல்ல வேண்டும் என்பது அவரது பேரவா. ஆனால் திருச்சபையின் மேலிடம் அவரை 1681இல் கன்னடக் கரையோரத்திற்கு அனுப்பியது. அங்கே போர்த்துக்கல் மன்னரின் உரிமைக்கு உட்பட்ட திருச்சபை அதிகாரத்திற்கும், உரோமாபுரி நேரடியாக நியமித்த ஆயரின் அதிகாரத்திற்கும் இடையே கடும் பிணக்கு நிலவியது. மக்கள் கைவிடப்பட்டிருக்க, அதிகாரிகள் உரிமைக்காக வாதிட்டுக்கொண்டிருந்தனர். வாஸ் அடிகளார் அப்பிணக்கைத் தணிக்க முயன்றவாறே 1684 வரை அங்கு பணியாற்றினார். தான் விரும்பிய பணியைத் தள்ளி வைத்துவிட்டு, தனக்குத் தரப்பட்ட பணியை முழு மனதோடு செய்வது தன்னலத்தை வெல்வதன் முதற் படி என்பதை அவர் அங்கே கற்றிருக்க வேண்டும்.

கோவாவுக்குத் திரும்பியவர், 1685 செப்டெம்பர் 25ஆம் திகதி அங்கு ஒரு சிறு துறவியர் குழுவில் இணைந்து அதன் தலைவரானார். ஐரோப்பியத் துறவற சபைகள் உள்நாட்டவரைச் சேர்த்துக்கொள்ளாத காலம் அது. ஆகவே இந்தியக் குருக்களே தமக்கென அமைத்துக்கொண்ட இக்குழு வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்தது. அக்குழுவிலும் ஒரு குறை இருந்தது. ஐரோப்பியர் தம்மை ஒதுக்கியதை உணர்ந்திருந்த அந்தச் சபை, பிராமண வழிவந்த குருக்களையே கொண்டிருந்தது. ஒதுக்கப்பட்டவர்களே பிறரை ஒதுக்கும் இந்த முரண்பாடு எந்தச் சமூகத்திற்கும் புதிதன்று. தனிமனிதன் தன்னலத்தைத் துறந்த பின்னரும், அவன் சார்ந்த கூட்டத்தின் தன்னலம் துறக்கப்படாமல் எஞ்சியிருக்கும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

மறு ஆண்டிலேயே, அதாவது 1686இல், தலைமைப் பதவியைத் துறந்து அடிகளார் இலங்கையை நோக்கிப் புறப்பட்டார். அவருடன் வந்தவர்களுள் இறுதிவரை பயணத்தைத் தொடர்ந்தவர் ஜோன் என்ற பணியாளர் ஆவார். தூத்துக்குடியிலிருந்து தோணியேறி 1687இல் அவர்கள் யாழ்ப்பாணத்தை வந்தடைந்தனர். குருவின் உடையில் கால் வைத்தால் கைது நிச்சயம். எனவே கூலியாளைப் போலவும் பிச்சைக்காரரைப் போலவும் உடை தரித்து அவர் வந்தார். கற்றறிந்தவர், ஒரு துறவியர் குழுவின் தலைவர், உயர்குடியினர் என்ற அடையாளங்கள் யாவும் கடலின் மறுகரையிலேயே கழன்று விழுந்தன.

வந்ததும் கடுமையான வயிற்றோட்டம் அவரைத் தாக்கியது. அறிந்தவர் எவருமற்ற ஊரில், ஒதுக்குப்புறமான இடத்தில் அவர் கிடந்தார். கருணை கொண்ட ஒரு பெண் கொடுத்த கஞ்சியே அவரது உயிரைக் காத்தது என்று வரலாற்றாசிரியர் கூறுவர். அந்தப் பெண்ணின் பெயர் எந்த நூலிலும் இல்லை. பின்னாளில் ஆயிரக்கணக்கானோருக்கு உணவும் மருந்தும் கொடுத்த மனிதர், இத்தீவில் தமது பணியைத் தொடங்கியது கொடுப்பவராக அன்று, பெறுபவராக. உதவி செய்யும்போது உண்டாகும் பெருமிதமும் தன்னலத்தின் நுண்ணிய வடிவம்தான். பிறர் கையை நோக்கிக் காத்துக் கிடந்தவரை அந்தப் பெருமிதம் அணுகுவது கடினம்.

உடல் தேறியதும் கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். அதைக் கண்டு எவரேனும் முகம் மலர்ந்தால் அது கத்தோலிக்கக் குடும்பம் என்று அறிந்துகொண்டார். இவ்வாறு நம்பிக்கையைப் பெற்று, சில்லாலைக் கிராமத்தைத் தமது தளமாக்கினார். பகலில் பிச்சைக்காரராகவும் இரவில் குருவாகவும் வாழ்ந்தார். நள்ளிரவில் திருப்பலி, விடியுமுன் மறைவு என்று வாழ்க்கை ஓடியது.

இந்த இரகசியம் நீடிக்கவில்லை. ஒரு நத்தார் இரவில், திருப்பலிக்காகக் கூடியிருந்த கத்தோலிக்கரின் வீடுகளை ஒல்லாந்தச் சிப்பாய்கள் முற்றுகையிட்டனர். பெருந்தொகையானோர் கைதாயினர். சிலர் கொடுந்தண்டனைக்கு உள்ளாயினர். அடிகளார் தப்பினார். தனக்காகப் பிறர் அடிபட்டனர் என்ற உண்மை எத்தகைய பாரமாக அவர் உள்ளத்தில் இருந்திருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம். துறவியின் தியாகத்தை வரலாறு விரிவாக எழுதுகிறது. அவருக்குக் கதவைத் திறந்து விட்ட எளிய குடும்பங்கள் கொடுத்த விலையை அது ஒரு வரியில் கடந்து செல்கிறது. அவருடைய பெருமையில் அந்தப் பெயரறியா மக்களுக்கும் சமபங்கு உண்டு என்று கொள்வதே நியாயமாகும்.

யாழ்ப்பாணத்தில் இனித் தங்க முடியாத நிலையில், அவர் கண்டி மன்னனின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த புத்தளத்திற்குச் சென்றார். அங்கிருந்து 1692இல் தலைநகரான கண்டியை நோக்கிப் புறப்பட்டார். ஆனால் அரசவையில் செல்வாக்குப் பெற்றிருந்த பிரெஞ்சுக் கல்வினியர் ஒருவர், இவர் போர்த்துக்கேய உளவாளி என்று மன்னனிடம் முறையிட்டார். அடிகளாரும் ஜோனும் சிறைப்பட்டனர். பிறரைச் சந்திக்க அனுமதி இல்லை. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன.

சிறையில் அவர் சிங்கள மொழியைக் கற்றார். ஓலையால் ஒரு சிறு குடில் அமைத்து அதையே வழிபாட்டிடமாக்கினார். காவலர்கள் காலப்போக்கில் அவரைப் புரிந்துகொண்டனர். உளவாளி எவனும் பிச்சைச் சோற்றில் திருப்தியடைந்து தன்னைச் சிறை வைத்தவர்களுக்காகச் செபித்துக்கொண்டிருக்க மாட்டான் அல்லவா? மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியனும் அவரைப் படிப்படியாக நம்பத் தொடங்கினான். இம்மன்னன் உறுதியான பௌத்தன். அரக்கானிலிருந்து பிக்குகளை வரவழைத்து 1697இல் இலங்கையில் உபசம்பதாவை மீண்டும் நிலைநாட்டியவன். தன் சமயத்தில் வேரூன்றி நின்ற ஓர் அரசன், மாற்றுச் சமயத் துறவி ஒருவருக்கு இடமளித்தான் என்பது இன்று நினைவுகூரப்பட வேண்டிய செய்தியாகும். தன் நம்பிக்கையில் உறுதியுள்ளவன் பிறர் நம்பிக்கையைக் கண்டு அஞ்சுவதில்லை.

விடுதலை பெற்ற அடிகளார் நாட்டின் பல பாகங்களுக்கும் நடந்து சென்று பணியாற்றினார். 1687 முதல் ஏறத்தாழ பத்தாண்டுகள் இலங்கை முழுவதற்கும் அவர் ஒருவரே கத்தோலிக்கக் குருவானவர். 1696இல் கொச்சி ஆயர் அவரைத் தமது பிரதிநிதியாக, இலங்கைத் திருச்சபையின் பொறுப்பாளராக நியமித்தார். அதன் பின்னரே கோவாவிலிருந்து உதவிக் குருக்கள் வந்து சேர்ந்தனர். அவர்களுள் ஒருவர் அவருடைய மருமகனான யோசப் டி கர்வாலியோ அடிகளார்.

1697இல் கண்டியில் வைசூரி பரவியது. இன்று நமது பிள்ளைகளுக்கு வைசூரி என்பது பாடப்புத்தகச் சொல் மட்டுமே. தடுப்பூசியின் துணையோடு அந்நோய் உலகிலிருந்தே ஒழிக்கப்பட்டது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 1980இல் அறிவித்தது. ஆனால் 1697இல் தடுப்பூசி என்ற எண்ணமே பிறந்திருக்கவில்லை. ஜென்னர் தமது புகழ்பெற்ற பரிசோதனையைச் செய்தது அதற்கு 99 ஆண்டுகள் கழித்து, 1796இல்தான். நோயுற்ற பத்துப் பேரில் மூவர் இறப்பது வழக்கம். உயிர் பிழைத்தவர்களும் தழும்பு படிந்த முகத்தோடும், சிலர் பார்வையை இழந்தும் எஞ்சினர். நோயாளியின் மூச்சும் உடையும் படுக்கையும் நோயைப் பரப்பின. மருந்து இல்லாத நோய்க்கு மக்கள் அறிந்த ஒரே மருந்து ஓட்டம்.

அவ்வாறே நடந்தது. மன்னனும் பிரதானிகளும் தலைநகரை விட்டு நீங்கினர் என்று குறிப்புகள் கூறுகின்றன. நோயாளிகளை அவர்களது உறவினரே காட்டில் விட்டுச் சென்றனர். இவர்களைக் கொடியவர்கள் என்று தூற்றுவது எளிது. குடும்பத்தில் எஞ்சியவர்களையாவது காப்பாற்றத் துடித்த மக்கள் அவர்கள். அச்சம் மனிதனைத் தன்னளவில் சுருக்கிவிடுகிறது. சுருங்கிய மனதுக்குத் தன் மூச்சைத் தவிர வேறெதுவும் கேட்பதில்லை. தன்னலம் என்பது பெரும்பாலும் பேராசையின் வடிவில் வருவதில்லை. அச்சத்தின் வடிவிலேயே வருகிறது.

வாஸ் அடிகளாரும் கர்வாலியோ அடிகளாரும் ஓடவில்லை. அவர்கள் ஓடியிருந்தால் எவரும் குறை கூறியிருக்க முடியாது. தீவில் கத்தோலிக்கருக்குக் குருக்கள் மிகச் சிலரே இருந்தனர். அவர்கள் இறந்துவிட்டால் அம்மக்களின் நிலை என்னவாகும் என்ற நியாயமான காரணமும் கையில் இருந்தது. நல்ல காரணங்கள் வேண்டிய அளவு கிடைக்கும் வேளையில்தான் தன்னலம் ஒருவனை எளிதில் வெல்கிறது. அவர்கள் அந்தக் காரணத்தை நாடவில்லை. காட்டில் விடப்பட்டவர்களைத் தேடிச் சென்றனர். குடில்கள் அமைத்தனர். வெற்று வீடுகளை நோயாளர் விடுதிகளாக்கினர். கஞ்சியும் மருந்தும் கொடுத்தனர். புண்களைக் கழுவினர். நாள்தோறும் பலமுறை ஒவ்வொருவரையும் சென்று பார்த்தனர். இறந்தவர்களைத் தம் கைகளாலேயே அடக்கம் செய்தனர். கொள்ளை நோய் தணியும்வரை, ஏறத்தாழ ஓராண்டு, இப்பணி நீடித்தது.

யாருக்கு இப்பணி செய்தார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. நோயாளிகளில் மிகப் பெரும்பான்மையோர் சிங்கள பௌத்தர். அவர்களது அரசவையே சில ஆண்டுகளுக்கு முன்னர் அடிகளாரைச் சிறையிலிட்டது. உதவியின் முன் எவருடைய சமயமும் விசாரிக்கப்படவில்லை. பின்னர் திரும்பி வந்த மன்னன் இத்துறவியரின் பணி இல்லாவிடில் தெருக்கள் பிணங்களால் நிறைந்திருக்கும் என்ற பொருள்பட வியந்து பாராட்டியதாகக் கூறப்படுகிறது.

அடிகளாரின் வாழ்வை விரிவாக எழுதியவர் செபாஸ்தியாவோ டோ ரேகோ. அவரும் கோவாவின் அதே சபையைச் சேர்ந்தவர்; அவரது நூல் 1745இல் வெளியானது. தம் சபையின் பெரியவரைப் பற்றித் தம் சபையினர் எழுதிய நூலில் புகழ்ச்சி மிகுந்திருப்பது இயல்பே. பெரும் வறட்சியில் அடிகளாரின் செபத்தால் மழை பெய்தது போன்ற அற்புதங்களை அவரவர் நம்பிக்கைக்கு விட்டுவிடலாம். வைசூரிக் காலத்துப் பணியை ஏற்பதற்கு அற்புதத்தில் நம்பிக்கை தேவையில்லை. ஒரு மனிதன் ஓடாமல் நின்றான் என்று நம்பினால் போதுமானது.

இப்பணியின் பின்னர் அவருடைய செல்வாக்குப் பன்மடங்கு உயர்ந்தது. இங்கேதான் அடுத்த சோதனை. துன்பத்தில் தன்னை மறந்தவர்கள் பலர், புகழ் வந்தபோது தன்னை நினைத்துக்கொண்டுள்ளனர். பாப்பரசரின் பிரதிநிதியாக இந்தியாவுக்கு வந்த தூர்னோன், வாஸ் அடிகளாரை ஆயராக உயர்த்த விரும்பினார். உள்நாட்டவர் சாதாரண துறவற சபைகளில்கூட சேர்த்துக்கொள்ளப்படாத காலத்தில், ஓர் இந்தியருக்கு ஆயர் பதவி என்பது எத்துணை அரிய கௌரவம்! அடிகளார் மறுத்துவிட்டார். 1705இல் வந்து சேர்ந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் சிங்களத்திலும் தமிழிலும் பல நூல்களை எழுதிப் புகழ் பெற்றார். தம்மிலும் திறமையாகப் பேனா பிடிக்கும் இளையவரைக் கண்டு மூத்தவர் அழுக்காறு கொள்ளவில்லை. அவருடைய எழுத்துப் பணிக்கு ஊக்கமே அளித்தார்.

1707இல் விமலதர்மசூரியன் மறைந்து, அவனது மகன் நரேந்திரசிங்கன் ஆட்சிக்கு வந்தான். புதிய மன்னனும் அடிகளாரிடம் மதிப்பு வைத்திருந்தான். ஆனால் ஓயாத நடையும் போதிய உணவின்மையும் அவரது உடலைத் தளர்த்திவிட்டன. 1711 ஜனவரி 16ஆம் திகதி கண்டியில் அவரது உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 59. இத்தீவுக்கு வந்த பின்னர் 24 ஆண்டுகளில் ஒருமுறையேனும் அவர் பிறந்த மண்ணுக்குத் திரும்பியதில்லை.

1995 ஜனவரி 21ஆம் திகதி பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் கொழும்பு காலிமுகத்திடலில் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். அதே திடலில் 2015 ஜனவரி 14ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். இலங்கையின் முதலாவது புனிதர் என்ற பெருமை கோவாவில் பிறந்த, கொங்கணியைத் தாய்மொழியாகக் கொண்ட, தமிழையும் சிங்களத்தையும் கற்றுப் பேசிய ஒருவருக்குக் கிடைத்தது. இவர் எந்த இனத்தவர் என்று கேட்டு எந்த ஓர் இனமும் உரிமை கொண்டாட முடியாது.

இவ்வாழ்வை இன்று நாம் ஏன் நினைக்க வேண்டும்? 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வெளியான வர்த்தமானி அறிவித்தல், கொவிட்-19 தொற்றால் இறந்தோரின் உடல்கள் தகனம் செய்யப்பட வேண்டும் என்று கட்டாயமாக்கியது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிகாட்டல் கூறியிருந்தும், முஸ்லிம்களின் ஜனாஸாக்கள் குடும்பத்தினரின் கண்ணீரை மீறித் தீயிடப்பட்டன. 2020 டிசம்பரில் பிறந்து 20 நாட்களேயான சிசு ஒன்றும் இதற்குத் தப்பவில்லை. 2021 பெப்ரவரி இறுதியிலேயே அடக்கம் செய்வதற்கு அனுமதி கிடைத்தது. மார்ச் முதல் ஓட்டமாவடியின் மண் அவ்வுடல்களை ஏற்றது. 2024 ஜூலையில் அமைச்சரவை பாதிக்கப்பட்ட சமூகங்களிடம் மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. மன்னிப்பு வரவேற்கத்தக்கது. ஆயினும் எரிந்த உடல்களை அது மீட்டுத் தராது.

1697இல் இதே நாட்டில், மருந்தும் அறிவியலும் இல்லாத காலத்தில், இரு அந்நியத் துறவிகள் மாற்றுச் சமயத்தவரின் பிணங்களைக் கைகளால் தொட்டு அடக்கம் செய்தனர். அறிவியல் வளர்ந்த காலத்தில் ஓர் அரசு பிற சமயத்தவரின் இறுதி உரிமையை மறுத்தது. இடைப்பட்ட காலத்தில் அறிவு வளர்ந்தது, அச்சம் குறையவில்லை. ஒரு தனிமனிதனின் தன்னலம் ஒருவனைக் காயப்படுத்தும். ஒரு கூட்டத்தின் தன்னலம் சட்டமாக எழுதப்பட்டு ஒரு சமூகத்தையே காயப்படுத்தும்.

கத்தோலிக்கருக்கும் இச்சோதனை வந்தது. 2019ஆம் ஆண்டின் உயிர்த்த ஞாயிறு, வாஸ் அடிகளாரின் பிறந்த தினமான ஏப்ரல் 21இல் வந்தது. அன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் நடந்த குண்டுத் தாக்குதல்களில் 250க்கும் அதிகமானோர் மாண்டனர். ஒரு சிலர் செய்த கொடுஞ்செயலுக்காக முழு முஸ்லிம் சமூகமும் சந்தேகக் கண்ணோடு பார்க்கப்பட்டது. மே மாதம் வடமேல் மாகாணத்திலும் மினுவாங்கொடையிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. ஆனால் உறவுகளை இழந்த கத்தோலிக்க மக்களில் மிகப் பெரும்பாலானோர் பழிக்குப் பழி என்று எழவில்லை. புண்பட்டவன் தன் புண்ணையே உலகமாகக் கொள்ளாமல் இருப்பது தன்னை வெல்வதன் மிகக் கடினமான வடிவமாகும்.

தன்னலத்தை வெல்வது என்பதற்குத் தன்னை வெறுப்பது என்று பொருளில்லை. தியாகத்தைப் பிறர் மீது சுமத்துவதும் அதுவாகாது. பல்லேகமவின் பழைய நகரமும் வயல்களும் களு கங்கை நீர்த்தேக்கத்திற்காக விட்டுக்கொடுக்கப்பட்டன. புதிய லக்கல நகரம் திறக்கப்பட்டது. வரண்ட நிலங்களுக்கு நீர் செல்ல, அம்மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மண் நீருக்குள் சென்றது. இத்தகைய இழப்புகளைத் தியாகம் என்று மேடைகளில் புகழ்வோர் உண்டு. எளியவரிடம் கேட்டுப் பெறப்படும் இழப்பு வேறு. வலியவர் தாமாக முன்வந்து தம்மைக் கொடுப்பது வேறு. வாஸ் அடிகளார் எவரையும் தியாகம் செய்யுமாறு பணித்துவிட்டு ஒதுங்கி நிற்கவில்லை. தம்மிடம் இருந்ததையே, குடிப்பெருமையையும் பதவியையும் பாதுகாப்பையும், ஒவ்வொன்றாகக் கையளித்தார்.

அவரது வரலாற்றில் இறுதியாகக் குறிப்பிட வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அவரது உடல் கண்டியில் இருந்த தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அரசவையின் ஆதரவு மாறியபோது அத்தேவாலயமும் அழிந்துபோனது. பின்னாளில் எத்தனையோ பேர் தேடியும் அவருடைய கல்லறை இருந்த இடம் உறுதியாக அறியப்படவில்லை. பல்லாயிரம் மக்கள் திரண்ட திடலில் புனிதராக உயர்த்தப்பட்டவருக்கு, மலர் வைக்க ஒரு கல்லறை இல்லை. காட்டில் கைவிடப்பட்ட பெயரறியா நோயாளிகளை அவர் எந்த மண்ணில் புதைத்தாரோ, அதே மண்ணில் அவர்களோடு அவரும் கலந்துவிட்டார். 1677இல் எழுதிய அடிமை ஓலை அங்கே முழுமையாக நிறைவேறியது.